முடியாது என்பதும் மாட்டேன் என்பதும்

தலைநகர் தில்லிக்கு நாம் குடிவந்த புதிதில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்து இப்பேச்சைத் தொடங்குவது பொருத்தமாயிருக்கும். கரோல்பாகில் நாம் இருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் பஞ்சாபிக் குடும்பம் ஒன்று வசித்து வந்தது. அவ்வீட்டுப் பெரியவர் ஒரு நாள் மாடியேறி வந்து, தம் மகளின் திருமணத்திற்கு நம் குடும்பம் முழுவதும் வரவேண்டும் என்று அழைத்தார். திருமணம் நகரின் மறுகோடியில். அதுவும் தை மாதத்து இரவில். தில்லிக் குளிரில் இரவு பத்து மணிக்குமேல் வந்து சேரும் மாப்பிள்ளை ஊர்வலத்தையும், அதற்குப் பின் நடைபெறும் விருந்தையும் நினைத்துப் பார்த்த நமக்குப் போக மனம் எழவில்லை. ஆயினும், அன்போடு அழைத்தவரின் முகத்துக்கு நேரே 'வரமாட்டோம்' என்று சொல்வது எங்ஙனம்? தமிழில் என்ன சொல்லியிருப்போமோ அதையே இந்தியில் பெயர்த்து, 'நஹீ ஆ ஸகேங்கே' என்றோம். அதாவது, 'வர முடியாது' என்றோம். அவர் கவலையோடு காரணம் கேட்டார். தொலைவு என்றோம், வண்டி கிடைக்காது என்றோம், குளிரையும் சேர்த்துக்கொண்டோம். 'அவ்வளவுதானே' என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார்.

திருமணத்தன்று இரவு எட்டு மணிக்கு அவருடைய தம்பி மகன் காரோடு வந்து நம் வாயிலில் நின்றான். கையில் கம்பளிச் சால்வைகள் வேறு. நாம் அடுக்கிய தடைகள் ஒவ்வொன்றையும் அப்பெரியவர் நீக்கிவிட்டிருந்தார்! இனிப் போகாதிருப்பதற்கு நம்மிடம் சொல் ஏதும் மிச்சமில்லை. போனோம், திரும்பி வரும்பொழுது இரவு இரண்டு மணி. விருந்து மிக நன்றாயிருந்தது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெரியவர் நாம் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டார். இயலாது என்றவர்களுக்கு இயலும்படி செய்தார். இயலாமையை நீக்குவதற்கு வண்டியும் சால்வையும் போதும். விருப்பமின்மையை அவற்றால் நீக்க முடியுமா? நாமோ, இரண்டாவதை உள்ளே வைத்துக்கொண்டு முதலாவதன் பெயரை வெளியே சொன்னோம். இந்தி பேசுவோரும் இவ்வாறு சொல்லித் தப்பித்துக்கொள்வது உண்டு என்பதைப் பின்னால் அறிந்தோம். ஆகவே இதை மொழிபெயர்ப்பின் குற்றம் என்று தள்ளிவிடுவதற்கில்லை.

இவ்விரு சொற்களின் அமைப்பைச் சற்று நோக்குவோம். 'மாட்டேன்' என்பதில் 'ஏன்' என்னும் தன்மை ஒருமை விகுதி இருக்கிறது. மாட்டேன், மாட்டாய், மாட்டான், மாட்டார் என்று ஆளுக்கு ஆள் அது உருமாறும். மறுப்பவன் யார் என்பதை வினையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. 'முடியாது' என்பதோ அஃறிணை முடிபு. நான் என்றாலும் நீ என்றாலும் அவர்கள் என்றாலும் அது மாறுவதேயில்லை. 'என்னால் முடியாது' என்னும் பொழுது, முடியாதது காரியம். நாம் 'ஆல்' என்னும் மூன்றாம் வேற்றுமை உருபின் பின்னே ஓர் ஓரமாக நின்றுகொள்கிறோம். இந்தியிலும் இத்தகைய ஒதுங்கல் உண்டு. 'முஜ்ஸே சலா நஹீ ஜாதா' என்று நடக்கமாட்டாத கிழவர் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், 'என்னால் நடக்கப்படவில்லை' என்று வரும். அங்கும் நடப்பவர் எழுவாயாக நிற்கவில்லை.

'முடியாது' என்னும் ஒரு சொல்லுக்குள்ளேயே பல படிகள் உள்ளன. 'என்னால் முடியவில்லை' என்பவன் முயன்று பார்த்தவன். 'என்னால் முடியாது' என்பவன் தன் வலிமையை அளந்து சொல்கிறவன். 'நான் வர முடியாது' என்று 'ஆல்' உருபை நீக்கி எழுவாயாக வந்து நிற்பவனிடம், வலிமைக் குறைவைவிட மனத்தின் பிணக்கே மிகுதி என்று நம் காதுக்குப் படுகிறது. 'அதெல்லாம் முடியாது!' என்று ஒருவன் மேசையைத் தட்டினாலோ, அங்கே இயலாமை என்பது மருந்துக்கும் இல்லை, முழு மறுப்பு. நான்காம் வேற்றுமை சேர்ந்து, 'எனக்கு முடியவில்லை' என்று வந்தால் பொருளே வேறு. உடல்நலம் குன்றியிருக்கிறது என்று அதற்குப் பொருள். 'பாட்டிக்கு முடியவில்லையாம்' என்று ஊரிலிருந்து செய்தி வந்தால், என்ன முடியவில்லை என்று நாம் கேட்பதில்லை. பயணத்துக்குச் சீட்டுத்தான் தேடுகிறோம். ஒரே வினை; அதன் முன்னே வரும் உருபு ஒன்று மாறியவுடன் நோயாகவும், மறுப்பாகவும், பணிவாகவும் ஆகிவிடுகிறது.

இனி, 'மாட்டேன்' என்பதன் வரலாறு வியப்பானது. இன்று விருப்பமின்மையைக் காட்டும் இச்சொல், பழந்தமிழில் இயலாமையைக் காட்டியது. 'மாட்டுதல்' என்றால் வல்லனாதல். 'மாட்டாமை' என்றால் வலியின்மை. பழைய நூல்களிலே, 'சொல்ல மாட்டேன்' என்று ஒரு புலவர் சொன்னால், சொல்லும் ஆற்றல் எனக்கில்லை என்பதே கருத்து. பக்திப் பாடல்களைப் படிக்கும் இளைஞர்கள் இவ்விடத்தில் இடறுவதை நாம் கண்டிருக்கிறோம். இறைவனைப் புகழ மாட்டேன் என்று அடியவர் பணிந்து கூறும் இடத்தில், 'ஏன் மறுக்கிறார்?' என்று அவர்கள் திகைப்பார்கள். மறுக்கவில்லை, தமக்கு அத்தகுதி போதாதென்று குழைகிறார்.

அந்தப் பழம்பொருள் இன்றும் அடியோடு மறைந்துவிடவில்லை. 'வலி பொறுக்கமாட்டாமல் அழுதான்', 'துயரம் தாங்கமாட்டாமல் ஊரைவிட்டுப் போனாள்', 'ஒன்றுக்கும் மாட்டாதவன்' என்றெல்லாம் இப்பொழுதும் எழுதுகிறோம், பேசுகிறோம். வலி பொறுக்கமாட்டாமல் என்றால் பொறுக்க விருப்பமில்லாமல் என்று எவரும் கொள்வதில்லை. எச்சமாகவும் பெயராகவும் வரும்பொழுது இயலாமை. முற்றாக வரும்பொழுது மறுப்பு. 'தாங்கமாட்டாமல்' என்பதையும் 'தாங்கமாட்டேன்' என்பதையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் இந்த வேறுபாடு காதிலே விழும்.

இம்மாற்றம் ஏன் நேர்ந்தது? முற்காலத்தில் மறுப்பதற்கு நமக்குத் தனிச்சொல் தேவைப்படவில்லை. செய்யேன், வாரேன், உண்ணேன் என்று வினையிலேயே எதிர்மறை அடங்கியிருந்தது. அவ்வடிவம் பேச்சு வழக்கிலிருந்து மெல்ல மறைந்தபொழுது, அதன் இடத்தை நிரப்ப ஒரு துணைவினை வேண்டியிருந்தது. 'செய்யேன்' என்று வெட்டிச் சொல்வதைவிடச் 'செய்யும் வலிமை இல்லேன்' என்று சொல்வது பணிவாயிருந்ததும் அதற்குத் துணைநின்றிருக்கும் என்பது நம் ஊகம். பணிவுக்காக வந்த சொல் பழகப் பழகப் பணிவை இழந்தது. இன்று பெற்றோரிடம் 'மாட்டேன்' என்னும் பிள்ளை அடங்காப்பிள்ளை எனப்படுகிறான். பிறகு இயலாமையைச் சொல்லச் சொல் இல்லாமற் போகவே, நிறைவேறுதல் என்று பொருள்படும் 'முடிதல்' அங்கே வந்து அமர்ந்தது. இப்பொழுது அதுவும் மறுப்பின் பக்கம் சாய்ந்துகொண்டிருப்பதை மேலே கண்டோம்.

அண்டை மொழிகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தெலுங்கில் 'செய்யனு' என்றால் செய்யமாட்டேன். 'செய்யலேனு' என்றால் செய்ய இயலாது. நாம் கைவிட்ட 'செய்யேன்' என்பதை அவர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள். மலையாளத்தில் 'கழியும்' என்பதே இயலும் என்று பொருள்படும். கழிதல் என்பதும் முடிதல்தானே? இரு மொழியும் ஒரே வழியிற் சென்றிருக்கின்றன. இலங்கைத் தமிழரோ 'ஏலாது' என்று அழகாகச் சொல்வார்கள். இந்தியின் 'ஸக்னா' என்பது சக்தி என்னும் வடசொல்லோடு உறவுடையது. ஆங்கிலத்தில் எதிர்காலம் காட்டும் 'வில்' என்னும் சொல் ஒரு காலத்தில் விரும்புதலைக் குறித்தது. அவர்கள் விருப்பத்திலிருந்து எதிர்காலத்தைப் பெற்றார்கள். நாம் இயலாமையிலிருந்து எதிர்கால மறுப்பைப் பெற்றோம்.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்லாமற் போக மனமில்லை. ஆற்றலைக் குறித்த மற்றொரு பழைய வினை 'கில்' என்பது. 'கில்லேன்', 'கிலேன்' என்று அது எதிர்மறையில் வரும். நம்மாழ்வார் திருவாய்மொழியில் திருமகளின் கூற்றாக 'அகலகில்லேன்' என்னும் சொல் வருகிறது. அகல முடியாதவளா, அகல விரும்பாதவளா? அவ்விடத்தில் இரண்டையும் பிரிப்பது எளிதன்று. அன்பு மிக்க இடத்தில் விருப்பமே வேறு வழியில்லாமை ஆகிவிடுகிறது. 'செய்கின்றேன்' என்னும் நிகழ்கால வினையிலுள்ள 'கின்று' என்னும் இடைநிலை இந்தக் 'கில்' என்பதிலிருந்தே பிறந்தது என்று மொழியறிஞர் சிலர் கருதுவர். அக்கருத்து உண்மையாயின், நாம் நாள்தோறும் எதைச் செய்கின்றோம் என்று சொன்னாலும், செய்யும் ஆற்றல் உடையோம் என்பதையும் நம்மை அறியாமலே சொல்லிவருகிறோம்.

பள்ளியில் நன்னூல் படித்தவர்களுக்கு எண்வகை விடை நினைவிருக்கும். பவணந்தி முனிவர் சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என விடைகளை எட்டாக வகுத்தார். 'ஆடுவாயா?' என்று கேட்டால் 'ஆடேன்' என்பது மறை. 'கால் வலித்தது' என்பது உற்றதுரைத்தல். 'கால் வலிக்கும்' என்பது உறுவது கூறல். 'பாடுவேன்' என்பது இனமொழி. தேர்வுக்காக மனப்பாடம் செய்த நாளில் இவை உலர்ந்த பட்டியலாகத் தோன்றின. தில்லியில் அந்தத் திருமணத்துக்குப் போய்வந்த பிறகுதான் இதன் நுட்பம் நமக்கு விளங்கிற்று. 'குளிர்' என்று நாம் சொன்னது உறுவது கூறல். கேட்பவர் அதிலிருந்து மறுப்பை உய்த்துணர வேண்டும் என்று எதிர்பார்த்தோம். முதல் மூன்றும் வெளிப்படை விடைகள், ஏனைய ஐந்தும் குறிப்பு விடைகள் என்று உரையாசிரியர்கள் பிரித்துக்காட்டுவார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இயலாமைக்கென்று தனி விடை அந்த எட்டில் இல்லை. மெய்யாகவே கால் வலிப்பவனும் 'கால் வலித்தது' என்றுதான் சொல்ல வேண்டும். ஆட மனமில்லாதவனும் அதையே சொல்கிறான். கேட்பவன் எப்படி அறிவான்? முகத்தைப் பார்த்து அறிய வேண்டும். பழகிய பழக்கத்தால் அறிய வேண்டும். பொய்க்காகக் கால் வலித்தவர்கள் ஊரில் பெருகப் பெருக, உண்மையாகக் கால் வலித்தவனின் சொல் எடுபடாமற் போகும்.

சங்கப் புலவர் ஒருவர் இதனாலேயே புண்பட்டிருக்கிறார். பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனிடம் பரிசில் வேண்டிச் சென்ற ஆவூர் மூலங்கிழாருக்கு அம்மன்னன் கொடுப்பதாகவும் இல்லை, மறுப்பதாகவும் இல்லை, நாள் நீட்டித்தான். அப்பொழுது அவர் பாடியது புறநானூற்றின் 196ஆம் பாட்டு. அதன் கருத்தை நம் சொற்களில் சொல்லுவோம்: கொடுக்க இயல்வதை இயலும் என்று கூறிக் கொடுப்பதும், இயலாததை இல்லை என்று மறுத்துவிடுவதும் ஆகிய இரண்டுமே பண்புடையோர் செய்கை. இயலாததை இயலும் என்பதும், இயல்வதை இல்லை என்பதும் கேட்டு வந்தவனை வாட்டும். கொடுக்க வேண்டியவனின் புகழையும் கெடுக்கும். இவ்வளவு சொல்லிவிட்டு, உன் பிள்ளைகள் நோயின்றி வாழ்க என்று வாழ்த்தி, வீட்டில் காத்திருக்கும் மனைவியை நினைத்து வெயிலையும் பனியையும் பாராமல் அவர் நடக்கத் தொடங்குகிறார். 'இல்லை' என்று சொன்னதற்காக அவர் வருந்தவில்லை என்பதை நோக்குக. கையில் இருந்தும் இல்லை என்பதும், கையில் இல்லாமலே உண்டு என்பதுமே அவரைச் சுட்டன. 'ஒல்லும்', 'ஒல்லாது' என்று அவர் கையாண்ட சொற்கள் பின்னாளில் வழக்கொழிந்தன. அவர் சொன்ன குறை ஒழிந்தபாடில்லை.

அரசர்கள் போய் அலுவலகங்கள் வந்த பின்பும் அக்குறை வேறோர் உடையில் நடமாடுகிறது. 'தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று ஒரு கடிதம் வந்தால், ஏற்பதற்கு விதி இடங்கொடுக்கவில்லையா, அல்லது ஏற்க வேண்டாமென்று ஒருவர் முடிவு செய்தாரா என்பது பெறுபவருக்குத் தெரியாது. முன்னதாயின் விதியைத்தான் பார்க்க வேண்டும். பின்னதாயின் மேல்முறையீடு செய்யலாம். 'இயலவில்லை' என்னும் ஒரு சொல் அந்த வழியை மறைத்துவிடுகிறது. எழுதியவர் மரியாதைக்காகவே அப்படி எழுதியிருக்கக்கூடும். ஆனால் அந்த மரியாதைக்குரிய விலையைப் படிப்பவர் கொடுக்கிறார்.

நீதிமன்றங்களில் மட்டும் இவ்விரண்டையும் கலந்து பேச இடமில்லை. அங்கே ஒருவரின் விடுதலையே இந்த வேறுபாட்டைப் பொறுத்திருக்கலாம். கடன்பட்டவர் தீர்ப்பின்படி பணம் கட்டாவிட்டால் அவரைச் சிவில் சிறையில் வைக்க 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடந்தருகிறது. ஆயினும் அச்சட்டத்தின் 51ஆம் பிரிவு சில நிபந்தனைகளை விதிக்கிறது. கட்டுவதற்கு வசதி இருந்தும் கட்ட மறுக்கிறார் அல்லது அலட்சியம் செய்கிறார் என்பது அவற்றுள் ஒன்று. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், இங்கே தில்லியில் உள்ள உச்ச நீதிமன்றம் 1980ஆம் ஆண்டில் இதனை விரித்துரைத்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். பணம் கட்டவில்லை என்பது ஒன்றே சிறைக்குக் காரணமாகாது. வறுமையால் கட்ட முடியாதவனைச் சிறையில் இடுவது அரசியலமைப்பு தரும் உயிர்வாழ்வுக்கும் தன்னுரிமைக்கும் மாறானது. மனத்திலே வஞ்சம் இருந்து, கையிலே பொருளும் இருந்தால்தான் அத்தண்டனை பொருந்தும் என்பது அதன் சாரம். ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற இயலாமை ஒன்றுக்காகவே எவரையும் சிறையிலிடலாகாது என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் விதியையும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டிற்று. அவ்வுடன்படிக்கையில் இந்தியா 1979இல் சேர்ந்திருந்தது.

குடும்பச் செலவுக்கு வழக்குத் தொடுக்கும் பெண்களும் முதியோரும் இதே வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, போதிய வசதி இருந்தும் மனைவியையோ மக்களையோ பெற்றோரையோ காக்க மறுப்பவரைப் பற்றியது. 2023இல் இயற்றப்பட்ட புதிய சட்டத்தில் அது 144ஆம் பிரிவாக வந்திருக்கிறது. 'என்னால் முடியாது' என்று கணவர் சொல்ல, 'முடியும், மாட்டேன் என்கிறார்' என்று மனைவி சொல்ல, சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் பார்த்து நீதிபதி தீர்மானிக்கிறார். ரிசர்வ் வங்கியும், திருப்பிக் கட்டும் வசதி இருந்தும் கட்டாதவர்களைத் தனி வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது.

நீதிமன்றத்திற்கு ஆவணங்கள் உண்டு. வீட்டிற்குள் நமக்கு இருப்பது சொல் ஒன்றே. அங்குதான் தமிழில் இன்னொரு வழக்கு நம்மை ஏமாற்றுகிறது. 'பேனா எழுதமாட்டேன் என்கிறது', 'கதவு திறக்கமாட்டேன் என்கிறது', 'மழை நிற்கமாட்டேன் என்கிறது' என்று நாம் இயல்பாகப் பேசுகிறோம். பேனாவுக்கு வாயில்லை, பிடிவாதமும் இல்லை. மை உறைந்துவிட்டது, அவ்வளவுதான். ஆயினும் நம் எரிச்சல் அதற்கு ஒரு நாவையும் ஒரு மனத்தையும் கொடுத்து 'மாட்டேன்' என்று பேசவைக்கிறது. பேனாவிடத்தில் இது வேடிக்கை. இதே வாக்கியத்தை மனிதரிடத்தில் கொண்டுபோய் வைக்கும்பொழுதுதான் தீங்கு விளைகிறது. 'படிக்கமாட்டேன் என்கிறான்' என்று பிள்ளையைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியரும் சொல்கிறார்கள். அவன் அப்படி ஒரு சொல்லும் சொல்லியிருக்கமாட்டான். எழுத்துகள் அவன் கண்முன் குழம்பிக் கிடக்கலாம். இத்தகைய கற்றல் இடர்ப்பாட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஒரு குறைபாடாக ஏற்று, அதற்குரிய சலுகைகளுக்கு வழிசெய்திருக்கிறது. அதற்கு முந்திய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் அது இடம்பெறவில்லை. அதுவரை எத்தனை பிள்ளைகள் 'மாட்டேன்' என்று சொல்லாமலே அச்சொல்லுக்காக அடிபட்டிருப்பார்கள்!

நம் இல்லத்திலேயே இது நேர்ந்தது. தஞ்சைப் பக்கத்திலிருந்து நம் பெரியப்பா தம் எண்பதாவது வயதில் தில்லிக்கு வந்து நம்மோடு தங்கினார். ஊரைவிட்டு வந்ததில் அவருக்கு விருப்பமில்லை என்பதை நாம் அறிவோம். இரண்டு மாதம் சென்றபின் அவர் உணவைக் குறைத்தார். சோற்றைப் பிசைந்து தட்டிலேயே வைத்துவிடுவார். இரண்டு வாய் உண்டபின் இருமுவார். தண்ணீர் குடித்தாலும் இருமல். 'கொஞ்சம் சாப்பிடுங்கள், பெரியப்பா' என்று வற்புறுத்தினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகச் செய்கிற பிடிவாதம் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டினோம். தொலைபேசியில் உறவினர் கேட்டபொழுதெல்லாம், 'சாப்பிடமாட்டேன் என்கிறார்' என்றே சொன்னோம். சில வேளைகளில் அவர் காதில் விழும்படியாகவும் சொன்னோம். அவர் மறுத்துப் பேசவில்லை. இயல்பாகவே அதிகம் பேசாதவர். அப்பொழுது அவர் குரலும் சற்றுக் குழறியிருந்தது. அதையும் கோபம் என்றே எண்ணினோம்.

ஒரு மாதம் கழித்து, உடல் மெலிந்துவிட்டதைக் கண்டு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். நாம் வழக்கமான வாக்கியத்தை இந்தியில் சொன்னோம்: உண்பதில்லை என்றோம். வடநாட்டவரான அந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'கா நஹீ ரஹே, யா கா நஹீ பா ரஹே?' என்று கேட்டார். உண்ணாமல் இருக்கிறாரா, உண்ண முடியாமல் இருக்கிறாரா? இந்தியில் 'பானா' என்னும் துணைவினை, முயன்றும் கைகூடாததைக் காட்டும். இடையில் அந்த ஒரு சொல்லைச் சேர்த்து அவர் கேட்ட கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. மூன்று மாதங்களாக ஒரே வீட்டில் இருந்தும் அதை நாம் பெரியப்பாவிடம் கேட்டிருக்கவில்லை.

அவரோ நம்மைக் கேட்காமல் பெரியப்பாவின் பக்கம் திரும்பி, ஒரு தேக்கரண்டி தண்ணீரைக் கொடுத்து விழுங்கச் சொன்னார். தொண்டையின்மேல் இரு விரல்களை வைத்துப் பார்த்தார். பிறகு தலைக்குப் படம் எடுக்கச் சொன்னார். சிறிய பக்கவாதம் ஒன்று எவரும் அறியாமல் வந்துபோயிருந்தது. கை கால்கள் தப்பின. விழுங்கும் தசைகள் தளர்ந்துவிட்டன. உணவும் நீரும் மூச்சுக்குழாயின் பக்கம் நழுவுவதாலேயே அந்த இருமல். ஒவ்வொரு கவளமும் அவருக்கு மூச்சுத் திணறும் அச்சமாயிருந்திருக்கிறது. நாம் வற்புறுத்தியபொழுதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது அதனால்தான்.

மருந்தோடு, விழுங்குவதற்குப் பயிற்சி தரும் ஒருவரையும் பார்க்கச் சொன்னார்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு கரண்டியால், கெட்டியாகக் கரைத்த கஞ்சியை மெல்லக் கொடுக்க வேண்டும். ஒரு வாய் இறங்கியபின்பே மறுவாய். தண்ணீரைக்கூடச் சற்றுக் குழம்பாக்கித்தான் தரவேண்டும். வீட்டில் முறைவைத்துக்கொண்டு ஊட்டினோம். முதல் வாரத்தில் ஒரு கிண்ணம் கஞ்சிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். இரண்டாம் மாதத்தில் இருமல் அடங்கிற்று. குழைந்த பருப்புச் சாதம் இறங்கிற்று. குரலும் தெளிந்தது.

பங்குனியில் ஒரு நாள் காலை, வழக்கம்போலக் கேழ்வரகுக் கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தோம். அவர் கிண்ணத்தை ஒரு விரலால் அப்பால் தள்ளினார். மனம் பதைத்தது. 'முடியவில்லையா, பெரியப்பா?' என்று கேட்டோம்.

'முடிகிறது. இதை இனிமேல் குடிக்கமாட்டேன். இட்லி பண்ணச் சொல்' என்றார்.